எங்கிருந்து அளப்பது?

திருவனந்தபுரம் ஆரியசாலைக்குக் கம்பி வாங்கப் போகிறவர் கையில் இருக்கும் வரைபடம் 10 மி.மீ. என்று சொல்லும். கூட வரும் கொத்தனார் ‘மூணு நூல்’ என்பார். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் என்பது 9.5 மி.மீ.க்குச் சற்றே மேலே. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு கம்பியை இறக்குவார். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்கும் பகுதி இது; தமிழும் மலையாளமும் போலவே அங்குலமும் மில்லிமீட்டரும் சண்டையில்லாமல் புழங்குகின்றன. அலகால் இங்கே பெரிய குழப்பம் வருவதில்லை. ஓர் அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் வருகிறது.

‘ஜன்னல் நாலடி’ என்கிறோம். நிலையின் வெளி அளவா, உள் அளவா, பூச்சுக்கு முந்திய திறப்பா? பக்கத்துக்கு 12 மி.மீ. பூச்சு ஏறினாலே திறப்பு 24 மி.மீ. சுருங்கிவிடும். கிரில் அடிப்பவர் நேரில் வந்து டேப் பிடித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்காததற்கு இதுதான் காரணம். படத்தை அவர் நம்பாததில் நியாயம் உண்டு.

ஓர் இரும்புத் தூணின் அடித்தகட்டை எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. சதுரம். நான்கு மூலையிலும் 16 மி.மீ. போல்ட்டுக்கான 18 மி.மீ. துளை. துளைகளுக்கு இடையே மையத்துக்கு மையம் 140, விளிம்பிலிருந்து மையத்துக்கு 30. வரைபவர் 30, 140, 30 என்று வரிசையாக எழுதி, மேலே 200 என்றும் எழுதிவிட்டால் படம் நிறைவாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தாலும் சரி. ஆனால் பட்டறையில் தகடு 202 ஆக வெட்டுப்பட்டுவிட்டது. அந்த 2 மி.மீ.யை யார் தலையில் கட்டுவது? ஏதாவது ஓர் எண் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எது என்று படம் சொல்லவில்லை. பட்டறைக்காரர் தமக்குத் தோன்றியபடி முடிவு செய்வார்.

போல்ட்டுகளோ ஏற்கெனவே கான்கிரீட்டில் புதைந்து நிற்கின்றன. எனவே 140 அசையக் கூடாது. விளிம்பு 2 மி.மீ. கூடினால் யாருக்கும் நட்டமில்லை. அப்படியானால் 200, 140, ஒரு பக்கத்து 30 ஆகியவற்றை எழுதி, மறுபக்கத்தை எழுதாமல் விட வேண்டும். எழுதித்தான் தீர வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் எழுதலாம்: தெரிந்துகொள்ள மட்டும், இதை வைத்து வெட்டாதே என்று அதற்குப் பொருள். தேவைக்கு மேல் அளவு கூடாது, ஓர் அளவு படத்தில் ஒரே முறைதான் வர வேண்டும் என்று பாடநூல்கள் ஓதுவதன் காரணம் இந்தத் தகட்டில் இருக்கிறது. மாணவர்களுக்கு அது அழகுக் குறிப்பாகவே போய்ச் சேருகிறது என்பது என் வருத்தம்.

வாசல் கதவில் பத்துக் கம்பிகள், 100 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியையும் முந்திய கம்பியிலிருந்து அளந்தால், அளவுக்கு ஒரு மி.மீ. பிசகினாலும் பத்தாவது கம்பி 10 மி.மீ. தள்ளிப் போகக் கூடும். எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து 100, 200, 300 என்று குறித்தால் எந்தக் கம்பியும் தன் இடத்திலிருந்து ஒரு மி.மீ.க்கு மேல் விலகாது. (அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே 2 மி.மீ. வேறுபாடு வரலாம், கதவுக்கு அது பொருட்டில்லை, பற்சக்கரத்துக்குப் பொருட்டு.) பட்டறையில் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டு, டேப்பை ஒரு முனையில் ஊன்றி, எல்லாப் புள்ளிகளையும் ஒரே இழுப்பில் குறிப்பார்கள். பாடநூல் பல பக்கங்களில் சொல்வதும் அதுவே.

கேரளத் தச்சு மரபு இதற்கு வேறொரு விடை வைத்திருந்தது. எட்டு யவம் ஒரு விரல், 24 விரல் ஒரு கோல். கோலை இன்று 72 செ.மீ. என்று கொள்வது வழக்கம். வீட்டுக்கு முதலில் தீர்மானிக்கப்படுவது நீளமும் அகலமும் அல்ல, சுற்றளவு. அதை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, மிச்சத்தைக் கொண்டு ‘யோனி’ என்னும் பொருத்தம் பார்ப்பார்கள். அதில் நம்பிக்கை இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். எந்த எண் மற்றவற்றை ஆள்கிறது என்பதில் தச்சருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பிழை வந்தால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் நாடுகளே தவறியதுண்டு. ரைன் ஆற்றின் லாஃபென்பர்க் பாலத்தை 2003இல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இரு கரையிலிருந்தும் கட்டின. இரு நாடுகளின் கடல்மட்டக் கணக்குக்கும் இடையே 27 செ.மீ. வேறுபாடு, அது முன்பே தெரிந்ததுதான். திருத்தும்போது குறியை மாற்றிப் போட்டார்கள். வேறுபாடு தீராமல் இரட்டித்து 54 செ.மீ. ஆனது.

கையால் வரைந்த காலத்தில் ஓர் அளவைக் குறிப்பது சில்லறை வேலையல்ல. பொருளின் விளிம்பிலிருந்து இரண்டு மெல்லிய நீட்டல் கோடுகள், அவற்றுக்கிடையே அளவுக் கோடு, அகலத்தைப் போல் மும்மடங்கு நீளமுள்ள இரண்டு அம்புமுனைகள், பிறகு எண். டிரேசிங் தாளில் மை பிசகினால் பிளேடால் சுரண்ட வேண்டும். மினி டிராஃப்டரும் ஷீட் உருளையுமாகப் பேருந்தில் தொங்கிய பொறியியல் மாணவருக்கு இது தெரியும். இவ்வளவு பாடு இருந்ததால், இந்த எண் வேண்டுமா என்று கையே ஒரு முறை கேட்டுவிடும்.

1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஆட்டோகேட் இந்தப் பாட்டைத் தீர்த்தது. இன்று மூன்று சொடுக்கு: தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, கோடு நிற்க வேண்டிய இடம். எண்ணை மென்பொருளே எழுதும். சுவரை நகர்த்தினால், இணைப்பு அறாதவரை, எண்ணும் மாறும். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிளேடால் சுரண்டியவர்கள் யாரும் திரும்பிப் போக விரும்பமாட்டார்கள். ஆனால் மென்பொருள் நீங்கள் தொட்ட இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் சொல்கிறது. பூச்சுக் கோடும் செங்கல் கோடும் 12 மி.மீ. இடைவெளியில் ஓடுகின்றன, திரையில் முழு வீடும் தெரியும்போது கர்சர் எதைப் பிடித்தது என்று கண்ணுக்குத் தெரியாது. எண் மட்டும் பளிச்சென்று வந்து உட்காரும். செலவில்லாததால் எல்லாவற்றுக்கும் அளவு போட்டுவிடுகிறோம். அடித்தகட்டின் நான்காவது எண் அப்படித்தான் உள்ளே வருகிறது. தசமத்தை மறைத்துவிட்டால் வேறொரு வேடிக்கை: 1000 மி.மீ.யை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 333 என்று காட்டும், கூட்டினால் 999.

எழுத்தின் உயரமும் பலரைத் தடுமாற வைக்கிறது. வீட்டை முழு அளவில் வரைந்து 1:50இல் அச்சிடும்போது தாளில் 2.5 மி.மீ. எழுத்து வேண்டுமென்றால், வரைவில் அது 125 மி.மீ. இருக்க வேண்டும். ஏ1 தாளுக்கான படத்தை அச்சுக் கடையில் ஏ3இல் எடுத்தால் எல்லாம் பாதியாகும். 1:50 என்று மூலையில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும், எண்கள் மட்டும் மெய்யாக நிற்கும். தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதிய எண்ணைப் பார் என்று மேஸ்திரிகளும் சொல்வது இதனால்தான்.

எழுதிய எண்ணும் பொய்யாகலாம் என்பதுதான் சிக்கல். சுவர் 2987 என்று வருகிறது, வேண்டியது 3000. கோட்டைத் திருத்தச் சோம்பல்பட்டு எண்ணை மட்டும் அடித்து 3000 என்று எழுதிவிடுகிறோம். கைவரைவிலும் இதைச் செய்தார்கள். ஆனால் எண்ணின் கீழே ஒரு கோடு இழுத்தார்கள். படம் இந்த எண்ணோடு ஒத்துப் போகவில்லை என்பதற்கான அடையாளம் அது. மென்பொருளில் அந்தக் கோடு தானாக விழாது. மாற்றி எழுதிய எண் மற்றவற்றைப் போலவே கண்ணியமாக உட்கார்ந்திருக்கும். நாளைக்குச் சுவரை நகர்த்தினாலும் 3000 என்றே சாதிக்கும். பிறர் கொடுத்த கோப்பு கைக்கு வந்தால் சந்தேகமான அளவைச் சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் ‘டெக்ஸ்ட் ஓவர்ரைடு’ என்ற கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் அது அளந்த எண். ஏதாவது எழுதியிருந்தால், மேலே உள்ள ‘மெஷர்மென்ட்’ வரியில் உண்மையான தூரம் நிற்கும்.