ஒரே தாளில் இரண்டு அளவுகோல்

ஜூரோங் வட்டாரத்தில் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி கற்று வருகிறார். சென்ற வாரம் நம்மிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். எக்செல் அட்டவணையிலுள்ள இரண்டு கணக்குகளை ஒரே படமாகப் போட்டால் ஒரு கோடு மலையேறுகிறது, மற்றது தரையோடு படுத்துவிடுகிறது. இரண்டும் நன்றாகத் தெரிய வழியுண்டா என்றார். வழியுண்டு. இரண்டாவது கோட்டுக்கு மாத்திரம் வலப்பக்கத்தில் தனி அளவு கொடுத்தால் போதும், கணினி ஒரு நொடியில் செய்து முடிக்கும். ஆனால், அவர் கொண்டுவந்த கணக்கு இன்னதென்று பார்த்த பிறகு, அப்படிச் செய்யவேண்டாம் என்றே நாம் சொன்னோம்.

அது 2020ஆம் ஆண்டின் கொரோனாக் கணக்கு. அவ்வாண்டு ஏப்ரல் 5ந் தேதி பொங்கோலில் ஒரு விடுதியும், ஜூரோங் ஈஸ்ட் தோ குவான் சாலையில் ஒரு விடுதியும் அடைக்கப்பட்டதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். தோ குவானில் மட்டும் சுமார் 6,800 தொழிலாளர்கள் அறைக்குள் இருத்தப்பட்டார்கள். அன்றாடம் வெளியான நோய்க் கணக்கு, விடுதி வேறு, சமூகம் வேறு என்று பிரித்தே எழுதப்பட்டது. பிரித்தது பிசகென்று நாம் கூறவில்லை. நோய் எங்கே பரவுகிறதென்று அறியாமல் அதைத் தடுப்பது எப்படி? ஏப்ரல் 20ந் தேதி ஒரே நாளில் 1,426 பேர். அன்றைய முதல் அறிவிப்பின்படி அவர்களில் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 16 பேரே. மற்றவர்களில் ஆகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளர்கள்.

இதைப் படமாக்குவோம். இடப்பக்க அளவை 1,500 வரை வைத்து விடுதிக் கோட்டைப் போடுங்கள். வலப்பக்க அளவை 50 வரை வைத்துச் சமூகக் கோட்டைப் போடுங்கள். இரண்டு கோடுகளும் அண்ணன் தம்பிபோல அருகருகே ஓடும். வலப்பக்கத்தை இன்னும் குறுக்கினால் சமூகக் கோடே மேலே போய்விடும்! எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பார்க்கிற கண்தான் ஏமாறும். ஓரத்திலுள்ள சிறு எழுத்துக்களை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

அப்படியானால் இரண்டு அளவு போடுவதே குற்றமா? இல்லை. ரப்பர் விலை ராத்தலுக்கு இத்தனை காசு, பால் வெட்டுகிறவனுக்கு நாட்கூலி இத்தனை வெள்ளி என்று ஒரே தாளில் எழுதவேண்டி வந்தால் வேறு வழி கிடையாது. 1951ல் கொரியா யுத்தத்தின்போது ரப்பர் ராத்தல் இரண்டு வெள்ளிக்கு மேல் ஏறிய கதையை அப்படித்தான் கூலியோடு பொருத்திப் பார்க்கவேண்டும். ராத்தல் விலையும் நாட்கூலியும் வெவ்வேறு சரக்கு. அங்கேகூட, ஓராண்டை 100 என்று வைத்துக்கொண்டு இரண்டும் எவ்வளவு ஏறின என்று காட்டுவதே நல்லது. ஆனால் விடுதியில் எண்ணியதும் மனிதத் தலை, வெளியே எண்ணியதும் மனிதத் தலை. பால் நிறுக்கும் கொட்டகையில் ஒருவனுக்கு ஒரு தராசு, அடுத்தவனுக்கு வேறு தராசு வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

கீழ்க்கோட்டின் ஏற்ற இறக்கம் தெரியவேண்டுமே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு படங்கள் போட்டு, அளவு வேறென்று பெரிய எழுத்தில் எழுதட்டும். 1, 10, 100, 1,000 என்று படிக்குப் படி பத்து மடங்காக ஏறும் லாகரித அளவும் எக்செல்லில் இருக்கிறது. அதில் 16ம் தெரியும், 1,400ம் தெரியும். ஆனால் பழகாத கண்ணுக்கு அங்கே வித்தியாசம் சிறுத்துத் தோன்றும். ஆகவே நமக்கு அதில் அத்தனை பிரியமில்லை.

நாம் அந்தச் சகோதரருக்குச் சொன்னது, பதினாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு, ஒரே அளவில் போடச் சொல்லித்தான். விடுதிகளில் சுமார் 323,000 பேர். 2020 டிசம்பர் 13 வரையில் பிசிஆர் சோதனையில் நோய் கண்டவர்கள் 54,505 பேர்; அதாவது பதினாயிரத்துக்கு ஏறத்தாழ 1,690. வெளியே ஐம்பத்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களில் சுமார் 2,200 பேர், பதினாயிரத்துக்கு 4. விடுதிகளில் சோதனை அதிகம் நடந்தது, அதையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டோம். ஆனால் அதைக் கழித்தாலும் நானூறு மடங்கு வித்தியாசம் மறைந்துவிடுமா? ரத்தச் சோதனையில் பின்னர் தெரியவந்த 98,289 பேரையும் கூட்டினால், விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேரை அந்த நோய் தொட்டிருந்தது.

ஒரே அறையில் பன்னிரண்டு பேர், இருபது பேர் என்று படுத்த இடங்கள் அவை. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021ல் விதி வந்தது. அந்த விதி ஏன் வந்ததென்று நாளை ஒருவன் கேட்டால், அண்ணன் தம்பிபோல ஓடும் இரண்டு கோடுகள் அவனுக்குப் பதில் சொல்லமாட்டா.

சகோதரர் படத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். சமூகக் கோடு தரையிலேயே கிடக்கிறது, பார்க்க நன்றாயில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்றோம்.