ஷட்டர் மோட்டரைக் கழற்றினால் மரியாதை கழன்று விடாது



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளைப் படிப்பிப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

மாரி தொடங்கினால் எங்கள் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். கார்க் கதவில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொலித்தீன் தாள், சுற்றிவர டேப். கேட்டால் ஒரே பதில்தான்: "பவர் ஷட்டர் மோட்டர் போயிட்டு. முழு செட்டையும் மாத்த வேணுமாம். சாமான் பஞ்சிகாவத்தையில இருந்து வரணுமாம்."

நாங்கள் கேட்பது இதைத்தான். மோட்டர் போய் விட்டது என்று யார் பார்த்தது? கதவின் உள் பலகையைக் கழற்றினார்களா? மோட்டருக்குக் கரண்ட் போகிறதா என்று சோதித்தார்களா? பல வேளைகளில் இல்லை. சுவிச்சை நாலு தரம் அமத்தினோம், கண்ணாடி அசையவில்லை, உடனே தீர்ப்பு எழுதி விட்டோம். பிறகு அந்தத் தீர்ப்பைச் சுமந்து கொண்டு கராஜுக்குப் போய் "மோட்டர் மாத்தணும்" என்று நாமே சொல்கிறோம். சொன்னதை அவர்கள் மாற்றித் தருகிறார்கள். இதில் யாரைக் குறை சொல்வது?

கதவுக்குள் ஒளிந்திருப்பது ஜின் அல்ல. 12 வோல்ற்றில் ஓடும் ஒரு சின்ன நேரோட்ட மோட்டர். ஒரு பக்கமாகக் கரண்ட் கொடுத்தால் கண்ணாடி ஏறும், வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இறங்கும். அதன் தண்டில் இருக்கும் திருகுப் பல் ஒரு பற்சில்லைச் சுற்றுகிறது. அந்தச் சில்லு கேபிளையோ, கத்தரிக்கோல் மாதிரி விரியும் இரும்புக் கையையோ அசைக்கிறது. அவ்வளவுதான் விசயம்.

கராஜுக்குப் போகுமுன் பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். ஸ்குரூ ட்ரைவர் கூடத் தேவையில்லை.

முதலில், சாரதிப் பக்கத்து லொக் பட்டன் அமத்தியிருக்கிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளைகள் ஏறும் வாகனத்தில் இது அடிக்கடி நடக்கும். எல்லா ஷட்டரும் ஒன்றாக நின்றிருந்தால் நாலு மோட்டரும் ஒரே நாளில் மௌத்தாவதில்லை, பியூஸைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் என்றால், அந்தக் கதவின் சுவிச்சாலும் சாரதிப் பக்கத்துச் சுவிச்சாலும் முயன்று பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் மோட்டர் சுகமாக இருக்கிறது, கோளாறு சுவிச்சில்.

இரண்டிலும் அசையவில்லையா? இரவில் உள் லைட்டைப் போட்டு விட்டுச் சுவிச்சை அமத்துங்கள். வெளிச்சம் சற்று மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் அது இறுகி நிற்கிறது. மங்கவுமில்லை, சத்தமுமில்லை என்றால் சுவிச்சைப் பாருங்கள். அல்லது கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான தரம் திறந்து மூடும் இடம் அது. சுவிச்சை அமத்திக் கொண்டே உள் பலகையில் கையால் தட்டும்போது கண்ணாடி அசைந்தால், மோட்டருக்குள் காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டர் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி வரவில்லை என்றால் கேபிளோ கிளிப்போ விட்டுப் போயிருக்கிறது. புதிய மோட்டர் வாங்கி என்ன பயன்?

அடுத்து, எங்களைப் போலக் கடற்கரையோரம் வாழ்பவர்களுக்கு ஒரு விசயம். கண்ணாடி ஓடும் றப்பருக்குள் மணலும் தூசியும் சேர்ந்து இறுகினால் நல்ல மோட்டரும் திணறும், சூடேறி நின்று விடும், ஆறியதும் திரும்ப ஓடும். அதற்கு மருந்து துடைத்துச் சுத்தம் செய்து சிலிக்கன் ஸ்பிரே அடிப்பது. சிலர் எஞ்சின் ஒயிலும் கிரீஸும் பூசுகிறார்கள். அது றப்பரைக் கெடுத்து இன்னும் தூசியைப் பிடிக்கும்.

இதைப் பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். திறந்த பிறகும் புது வாகனம் வாங்கும் நிலையில் நம்மில் எத்தனை பேர்? நம் முற்றங்களில் நிற்பவை வயதான வாகனங்கள். அவை இன்னும் பல வருடம் ஓட வேண்டும். பிள்ளையின் டியூஷன் காசையும் உம்மாவின் மருந்துக் காசையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டிலிருந்து, தேவையில்லாமல் மாற்றிய ஒரு மோட்டருக்குக் காசு போவது சின்ன விசயமல்ல.

ஆனால் காசை விடப் பெரிய நோய் ஒன்று இருக்கிறது. அது வெட்கம்.

ஓர் ஆசிரியர் தன் வீட்டு முற்றத்தில் கார்க் கதவைக் கழற்றினால் தெருவால் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்: "என்ன சேர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? கராஜுக்குக் குடுங்களன்." அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதன் உள்ளர்த்தம் என்ன? கை கறுத்தால் மரியாதை குறையும் என்பதுதானே?

கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை கராஜில வேலை" என்பதைக் குரல் தாழ்த்திச் சொல்கிறோம். அதே பிள்ளை கட்டாருக்குப் போய் அதே ஸ்பனரைப் பிடித்தால் "மாப்பிள்ளை வெளிநாட்டில" என்று தலை நிமிர்த்திச் சொல்கிறோம். வேலை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். மாறியது விமான டிக்கட் மட்டும்.

பாடசாலையையும் விட்டு விட முடியாது. நேரோட்ட மோட்டரின் படத்தைக் கீறி, பிளெமிங்கின் இடக்கை விதியை எழுதி, முழுப் புள்ளி எடுக்கும் மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வினாத்தாளில் இருப்பது "ஆளி", "உருகி". வாப்பாவின் காரில் இருப்பது "சுவிச்", "பியூஸ்". இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் தொட்டுக் காட்டவில்லை. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை வந்தபோது நாமே அதை "மற்றது ஏலாத பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கி வைத்தோம். மூளைக்கு ஒரு வகுப்பு, கைக்கு ஒரு வகுப்பு என்று பிரித்த பிறகு, கதவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத பட்டதாரிகள் வராமல் வேறு யார் வருவார்கள்?

கைவேலையை இழிவாகப் பார்க்க நம் மார்க்கம் எங்கே சொல்லித் தந்தது? நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், உடையைத் தாமே தைத்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்கிறோம். கேட்டு விட்டு வெளியே வந்து, கை கறுத்த மனிதனுக்குச் சலாம் சொல்லத் தயங்குகிறோம். தேவையில்லாமல் ஒரு பொருளைத் தூக்கி எறிவதும் வீண்விரயம்தான். அது சஹனில் மிஞ்சும் சோற்றுக்கு மட்டும் உரிய சட்டமல்ல.

"அப்ப கராஜ்காரர் எப்படி வாழ்றது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: நேர்மையான பாஸ்மாரைக் காப்பாற்றுவது விசயம் தெரிந்த வாடிக்கையாளன்தான். டொக்டரைச் சனல் பண்ணினால் துண்டில் உள்ள தொகையை வாய் திறக்காமல் கட்டுகிறோம். மூன்று மணித்தியாலம் கதவுக்குள் கை விட்டு, தகரம் கிழித்த கையோடு நிற்கும் பாஸிடம் மட்டும் "என்ன, இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். கூலியை வெட்டினால் அவர் சாமானில்தான் பிழைக்க வேண்டும். சுத்தம் செய்து தருவதற்குக் கூலி கொடுக்க மாட்டோம், மாற்றினால் மட்டும் கொடுப்போம் என்றால், அவர் ஏன் சுத்தம் செய்ய வேண்டும்? ஒரு தரமாவது அந்தக் கதவைத் திறந்து பார்த்தவர் பிறகு கூலியில் பேரம் பேச மாட்டார்.

எல்லாரும் எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கழற்றுபவர்கள் முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றி வையுங்கள். மோட்டரை எடுக்குமுன் கண்ணாடியை மேலே தூக்கிச் சட்டத்தோடு டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அது கீழே விழும். கத்தரிக்கோல் வகையில் ஸ்பிரிங் இருந்தால் மோட்டரைக் கழற்றும்போது கை நசுங்கும், அதைப் பாஸிடமே விடுங்கள். மஞ்சள் நிற வயர் இணைப்பு எயார்பேக்குக்கு உரியதாக இருக்கலாம், தொடாதீர்கள். பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒழுங்காக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். கதவின் அடியிலுள்ள சின்னத் துளைகளின் அடைப்பையும் எடுத்து விடுங்கள். வேலை முடிந்து சோதிக்கும்போது சிறு பிள்ளைகளைக் கண்ணாடிக்குக் கிட்ட விடாதீர்கள். அந்தச் சின்ன மோட்டருக்கு ஒரு பிள்ளையின் விரலை முறிக்கும் பலம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் இதைச் சொல்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய கார்க் கதவு, ஒரு மல்டிமீற்றர், அனுபவமுள்ள ஒரு பாஸ். அவருக்கு "உஸ்தாத்" என்ற மரியாதையும் முழுக் கூலியும். 9ஆம், 10ஆம் ஆண்டுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், வந்து பார்க்கட்டும், கழற்றட்டும், பூட்டட்டும். பெண்கள் தாங்களே வாகனம் ஓட்டும் காலம் இது. கராஜில் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் நிலைமை அவர்களுக்கும் வேண்டாம்.

பிள்ளையைக் கராஜில் வேலை பழக விட்டிருக்கும் பெற்றோரே, அவன் தலை குனிய வேண்டியதில்லை. வேலை பழகிய பிள்ளைக்கு என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, விசாரியுங்கள்.

இதைச் செய்ய முன்வருபவர்கள் கீழே எழுதுங்கள். உடன்பாடில்லாதவர்களும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தரம் உள் லைட்டைப் போட்டு அந்தச் சுவிச்சை அமத்திப் பார்த்து விட்டு வாருங்கள்.