கோகோ காஃபும் 'தகுதி'க்காரர்களும்

2025 ஜூனில் கோகோ காஃப் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். முதல் செட்டை டை பிரேக்கரில் சபலென்காவிடம் இழந்து, அடுத்த இரண்டையும் 6-2, 6-4 என்று எடுத்த ஆட்டம். அன்றிரவே எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் அவர் படத்தைப் போட்டு எழுதினார்: "கறுப்பினப் பொண்ணு. கோட்டா கேட்டா ஜெயிச்சா? திறமை இருந்தா எவனாலும் தடுக்க முடியாது." கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

எனக்கும் காஃபைப் பிடிக்கும். (அவர் போடும் டபுள் ஃபால்ட்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது வேறு கதை.) பிடிக்கும் என்பதால்தான் கோபமே வந்தது.

தடுக்க முடியாதா? ஆல்தியா கிப்சனைத் தடுத்தார்களே! கறுப்பினத்தவர் தமக்கென்று நடத்திய டென்னிஸ் சங்கத்தின் பெண்கள் பட்டத்தை 1947 முதல் ஆண்டுதோறும் வென்றவர் அவர். ஆனால் அமெரிக்க தேசியப் போட்டியில் 1950 வரை கறுப்பின ஆட்டக்காரர் எவருக்கும் இடமில்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளையினப் பெண் பத்திரிகையில் சங்கத்தைச் சாடி எழுதிய பிறகுதான் கிப்சனுக்குக் கதவு திறந்தது. 1957இல் அவர் விம்பிள்டனை வென்றார். அதுவரை அவருடைய திறமை எங்கே போயிருந்தது?

காஃபின் வீட்டுக் கதையும் இதுதான். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். ஃபுளோரிடாவின் டெல்ரே பீச்சில் வெள்ளையர் மட்டுமே படித்த சீக்ரெஸ்ட் உயர்நிலைப் பள்ளிக்குள் முதல் கறுப்பின மாணவி நுழைய மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 1961இல் தனியாக நுழைந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண் காஃபின் பாட்டி. பேத்தி தன் பதினைந்தாவது வயதில், 2019 விம்பிள்டனில், வீனஸ் வில்லியம்ஸை வீழ்த்தினார். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது, நீங்கள் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை என்று வீனஸிடமே சொன்னார். 2023இல் யுஎஸ் ஓப்பன் காசோலையை வாங்கியபோதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கேட்டுப் போராடிய பில்லி ஜீன் கிங்குக்கு நன்றி சொன்னார். எல்லாம் என் உழைப்பு என்று நினைக்கிறவர் பேசுகிற பேச்சா இது?

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ் கொன்றபோது, பதினாறு வயது காஃப் தன் ஊர்க் கூட்டத்தில் பேசினார். பாட்டி போராடிய அதே விஷயத்துக்கு இன்று நானும் போராட வேண்டியிருக்கிறதே என்றார். மௌனமாக இருப்பவர் ஒடுக்குகிறவன் பக்கம் நிற்கிறார் என்றும் சொன்னார். இந்தக் காணொளியை நம் 'தகுதி'க்காரர்கள் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது காஃப் கோப்பையைத் தூக்கும் படம் மட்டும்.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். "விளையாட்டுல அரசியலைக் கலக்காதே" என்று பதில் வந்தது. கோட்டாவை முதலில் இழுத்தது யார் நண்பா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.