வெயில் காயப் போன இடத்தில் கையொப்பம்



சென்ற இதழில் வாடகை வீட்டு முற்பணம் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி கோயில் வாசலில் என்னை மறித்தார். "அண்ணை, வீட்டு விசயம் சரி. வாற கோடைக்குப் பிள்ளையளோடை முதன்முதலா வெளியிலை போறம். தெனெரீஃப் தீவுக்கு ஒரு கிழமை. அங்கை சனத்தைப் பிடிச்சு ஏமாத்துறாங்களாம். என்னத்தைக் கவனிக்கவேணும்?" என்று கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நின்று சொல்லி முடிக்கிற கதை அல்ல. ஆறுதலாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எம்மவர்களில் பலருக்கு முதல் விடுமுறை என்பது பல வருட உழைப்பு. பகலில் ஒரு வேலை, இரவில் பெற்றோல் நிலையத்தில் ஒரு வேலை என்று சேர்த்த காசு. விமானம், ஹொட்டேல், விமான நிலையத்திலிருந்து பஸ் எல்லாவற்றையும் ஒரே விலையில் தரும் 'பக்கேஜ்' விடுமுறையைத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சிக்கல் தொடங்குவது போய் இறங்கிய மறுநாள் காலையில்தான்.

(போக முன்னரே ஒரு விசயம். அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன்னர், விசா வேண்டுமா என்று அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு உள்ள விதி உங்கள் பத்திரத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துக் காசைக் கட்டாதீர்கள்.)

விடுமுறைக் கொம்பனியின் பிரதிநிதி ஒருவர் ஹொட்டேலுக்கு வருவார். 'ரெப்' என்பார்கள். சீருடை, மார்பில் பெயர் அட்டை, கையில் ஒரு கோப்பு. "நாளைக் காலை பத்து மணிக்கு வரவேற்புக் கூட்டம்" என்று முதல் நாள் பஸ்ஸிலேயே அறிவித்துவிடுவார். வெள்ளைக்காரர்களில் பாதிப்பேர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் மட்டும் பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கவே போய்க் கதிரையில் இருப்போம். காரணம் உங்களுக்குத் தெரியும். திகதியும் நேரமும் போட்டு வந்த கடிதங்களோடுதான் இந்த நாட்டில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. குரொய்டனுக்கு வரச்சொன்னால் விடியற்காலையே போய் வரிசையில் நின்றோம். சீருடை போட்டவர் கூப்பிட்டுப் போகாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் எலும்புக்குள் ஊறிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரும்பும் நாளில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது வரவேற்பறைப் பலகையில் இருக்கும், அல்லது கைத்தொலைபேசிக்கு வரும். கூட்டத்தின் முக்கிய அலுவல் சுற்றுலா ரிக்கற் விற்பது. விற்கும் ஒவ்வொன்றிலும் கொம்பனிக்குப் பங்கு உண்டு, பல இடங்களில் ரெப்புக்கும் உண்டு. நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. குறைந்த சம்பளத்துக்கு வெயிலில் ஓடித்திரிகிற இளம் ஆட்கள் அவர்கள். ஆனால் தோடம்பழச் சாற்றைக் கையில் தந்து, உங்கள் மகளின் பக்கம் குனிந்து, "உனக்குத் திமிங்கிலம் பார்க்க விருப்பமா?" என்று கேட்கும்போது, கேள்வி உண்மையில் உங்கள் பணப்பைக்குத்தான் போகிறது. பிள்ளை ஓம் என்று சொன்ன பிறகு தகப்பன் என்ன செய்வது?

பேச்சில் வழக்கமாக மூன்று சங்கதி வரும். ஒன்று, இடம் முடியப்போகிறது என்பது. இதற்குப் பதிலே தேவையில்லை. இரண்டாவது, வெளியில் வாங்கினால் ஆபத்து என்பது. வீதியோரம் கண்டவனிடம் வாங்கினால் அது உண்மை. துறைமுகத்தில் அலுவலகம் வைத்து அனுமதியோடு நடத்துபவரிடம் வாங்கினால் உண்மை அல்ல. பல தடவை ரெப் விற்பதும் அதே படகின் ரிக்கற்றைத்தான். மூன்றாவது, எங்களிடம் வாங்காவிட்டால் உங்கள் காப்புறுதி செல்லாது என்பது. இதைக் கேட்டுத்தான் எம்மவர் பயப்படுகிறார்கள். உங்கள் பயணக் காப்புறுதி பார்ப்பது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை. தண்ணீர் ஸ்கூட்டர், நாலு சில்லு மோட்டார் சைக்கிள், ஆழ்கடல் நீச்சல் போன்றவை பல காப்புறுதிகளில் இல்லை, ரிக்கற்றை ரெப்பிடம் வாங்கினாலும் இல்லை. பத்திரத்தை வீட்டிலேயே வாசித்துவிட்டுப் போங்கள்.

தெனெரீஃபில் எல்லோரும் பார்க்க விரும்புவது தெய்தே எரிமலை. 3,715 மீற்றர், ஸ்பெயின் நாட்டிலேயே உயரமான மலை. இதற்குத்தான் கோப்பில் முதல் பக்கம். ஆனால் தீவின் பச்சை நிறப் பொதுப் பஸ்களே அங்கே போகின்றன. தெற்கில் கொஸ்தா அதெகேயிலிருந்து 342ஆம் இலக்கம், வடக்கில் புவெர்த்தோ தெ லா குருஸிலிருந்து 348ஆம் இலக்கம்.  திரும்பும் பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க முதல் நாளே பஸ் நிலையத்துக்குப் போய் நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். "குவாகுவா" எங்கே என்று கேளுங்கள், அங்கே பஸ்ஸுக்கு அதுதான் பெயர். சின்னவர்களுக்கு அந்தச் சொல்லே பெரிய விளையாட்டு. மலையில் கம்பிவடத்தில் தொங்கும் வண்டி 2,356 மீற்றரிலிருந்து 3,555 மீற்றர் வரை ஏற்றும். அதற்கு நாள் குறித்து முன்கூட்டியே ரிக்கற் எடுக்கவேண்டும். காற்றுப் பலமாக அடித்தால் ஓடாது. இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவேண்டாம். கீழே பரந்து கிடக்கும் எரிமலைக் கல்லைப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

லா கொமேரா தீவுக்கும் அப்படித்தான். லொஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், ரிக்கற்றைத் துறைமுகத்திலேயே வாங்கலாம். 1492இல் கொலம்பஸ் கடலைக் கடக்க முன்னர் தங்கிப்போன தீவு அது. ஆனால் மலைப் பாதைகள் வளைந்து வளைந்து போகும். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போனால் ஹொட்டேல் வாசலில் ஏற்றி இறக்கும் சுற்றுலா பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தவறில்லை. என்ன விலை வித்தியாசம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான். கடையில் அட்டையை நீட்டும்போது பவுணிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். பவுண் என்றால் மாற்று விலையை அவர்களே வைப்பார்கள்.

இதுவரை சொன்னது கொஞ்சக் காசு. பெரிய காசு போவது வீதியில். எங்கள் குடும்பத்தில் போயிருக்கிறது. எழுதலாமா என்று அண்ணையிடம் கேட்டேன். "பேரைப் போடாமல் எழுது" என்றார்.

1998 ஓகஸ்ட் மாதம். அண்ணை, அண்ணி, நான், மனைவி, பிள்ளைகள் எல்லோருமாகத் தெனெரீஃபுக்குப் போனோம். கடற்கரை நடைபாதையில் ஒரு இளைஞன் ஆளுக்கொரு சுரண்டல் அட்டை தந்தான். எனக்கு ஒரு சட்டை விழுந்தது. அண்ணைக்கு முதற் பரிசு, வீடியோ கமரா. "இந்த மாதம் ஒருவருக்கும் விழவில்லை" என்று அந்தப் பிள்ளை துள்ளிக் குதித்தான். பரிசை எடுக்க ஒரு இடத்துக்கு வரவேண்டும், தொண்ணூறு நிமிடம்தான், ரக்ஸிக் காசு அவர்களுடையது, கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும். அண்ணைக்கு அப்போது ஆங்கிலம் மட்டு மட்டு. மொழிபெயர்க்க நானும் போனேன்.

தொண்ணூறு நிமிடம் ஐந்து மணித்தியாலம் ஆனது. ஒரு பெண் பிள்ளை எங்களோடு இருந்து அன்பாகக் கதைத்தாள். எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, வருடத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று விசாரித்தாள். ஒரு விடுமுறைக் கழகத்தில் சேர்ந்தால் எந்த நாட்டிலும் தங்கலாம் என்றாள். ஒவ்வொரு மேசையிலும் யாராவது கையொப்பம் வைத்தால் போத்தல் மூடி வெடிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். விலை ஒன்பதாயிரம் பவுணில் தொடங்கி, மேலாளர் வந்ததும் நாலாயிரத்துக்கு இறங்கியது. இன்றைக்கு மட்டும் என்றார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். "நாளைக்கு யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றா அண்ணி. அதையும் மொழிபெயர்த்தேன். மேலாளர் சிரித்து, நாளைக்கு இந்த விலை இல்லை என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். எனக்கு என்ன படுகிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அண்ணை கையொப்பம் வைத்து, கடன் அட்டையில் ஆயிரம் பவுண் கொடுத்தார். ரக்ஸியில் வரும்போது ஏன் அண்ணை என்று கேட்டேன். "அஞ்சு மணித்தியாலமா அந்தப் பிள்ளை எங்களோடை மினக்கெட்டிட்டுது. வெறுங்கையோடை எப்பிடியடா எழும்புறது?" என்றார். கமரா வரவேயில்லை.

அந்த ஆயிரம், கொழும்பில் லொட்ஜில் இருந்த தங்கைக்கு அனுப்ப வைத்திருந்தது. மீதிக் காசு தவணையாகப் போனது. பள்ளி விடுமுறைக்கு இடம் கேட்டபோதெல்லாம் நிரம்பிவிட்டது என்றே பதில். கடைசியில் பத்திரத்தைச் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அம்மையார் முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார். ஒப்பந்தக் காலம் 35 மாதம். 1994இல் வந்த ஐரோப்பியச் சட்டம் மூன்று வருடமும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களுக்குத்தான் பாதுகாப்புத் தந்தது. ஒரு மாதம் குறைத்து எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டது. 2008இல் வந்த புதிய ஐரோப்பியச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட இத்தகைய ஒப்பந்தங்களையும் விடுமுறைக் கழகங்களையும் உள்ளடக்கியது. பிரித்தானியா 2010இலும் ஸ்பெயின் 2012இலும் அதன்படி தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. கையொப்பம் வைத்து, பத்திரம் கையில் கிடைத்த பின்னர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த 14 நாட்களுக்குள் ஒரு சதமும் வாங்கக்கூடாது. ஆகவே அன்றைக்கே அட்டையைக் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். ஆனால் ஒரு வருடத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகையால் 11 மாதம் என்று எழுதிய பத்திரத்தைக் கண்டால் எழும்பி வாருங்கள். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்கள், வாங்கியது நூறு பவுணுக்கு மேல் முப்பதாயிரத்துக்குள் இருந்து, கிறெடிற் காட்டில் கட்டியிருந்தால், காட் கொடுத்த வங்கிக்கு எழுதுங்கள். 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று குறிப்பிடுங்கள். வெளிநாட்டில் வாங்கியதற்கும் அது பொருந்தும் என்று 2007இல் தீர்ப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு அந்த நாளில் இது தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னர் அண்ணைக்கு ஒரு தொலைபேசி வந்தது. அவருடைய பழைய கழகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி, போன காசை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்றார்களாம். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு திரும்ப வருகிற கூட்டம் இது. உங்களுக்கும் வந்தால் பதில் பேசாமல் வையுங்கள்.

அண்ணையும் அண்ணியும் போன வருடம் மறுபடி தெனெரீஃபுக்குப் போனார்கள். காலைச் சாப்பாட்டு மேசைக்கு ரெப் வந்து கோப்பைத் திறக்க முன்னரே, அண்ணி "நோ தாங்க் யூ" என்றாவாம். பிறகு இருவரும் 342இல் ஏறித் தெய்தேக்குப் போயிருக்கிறார்கள், பையில் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு. கடற்கரையில் வெயில் எரித்தாலும் மலையில் குளிரும், தடித்த மேலங்கி வேண்டும் என்பதை நான் சொல்ல மறந்துபோனேன். அண்ணிக்கு அது இன்னும் என்மேல் கோபம்.