காருக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்: மரக்காணம் உப்புக்காற்றில் எது லாபம், எது தண்டம்?

புது காரை டெலிவரி எடுத்த கையோடு பலரும் போவது ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். "சார், இதையும் போட்டுடலாம், லுக்கே மாறிடும்" என்பார்கள். பில் சத்தமில்லாமல் ஏறிவிடும். அந்தப் பணம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது?

இதைச் சோதித்துப் பார்க்க ஈசிஆர் நல்ல இடம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், மரக்காணத்தில் சாலையை ஒட்டியே உப்பளங்கள். இங்கே காற்றில் உப்பு, இரவில் இருட்டு, விடியும் முன்பே சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் தொழிலாளர்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் இந்த மூன்றோடு பொருத்திப் பார்ப்போம்.

அண்டர்பாடி கோட்டிங் தேவையா?

கடலோரத்தில் கார் வைத்திருந்தால் யோசிக்கலாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். அதாவது, மழையே பெய்யாவிட்டாலும் உப்பு படிந்த காரின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். துரு பிடிக்க அது போதும்.

ஆனால் இன்றைய கார்களின் பாடிக்கு ஃபேக்டரியிலேயே துரு தடுப்புப் பூச்சு உண்டு. மாதம் ஒருமுறை ஈசிஆர் டிரிப் அடிப்பவருக்கு, திரும்பி வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவினாலே பெரும்பாலும் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண். கோட்டிங் அடிப்பதாக இருந்தால், சுத்தம் செய்து காயவைத்த பிறகுதான் அடிக்க வேண்டும். அழுக்கு, துருவின் மேலேயே அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். தண்ணீர் வடியும் துளைகளும் அடைபடக் கூடாது.

எல்இடி ஹெட்லைட் போட்டால் நன்றாகத் தெரியுமா?

உங்களுக்குத் தெரியலாம், எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஹாலோஜன் பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் வேறு பல்பை மாட்டினால் ஒளி சரியான இடத்தில் விழாமல் சிதறும். அந்த வெளிச்சத்தில் எதிரே வரும் டிரைவருக்கு ஓரமாகப் போகும் சைக்கிள்காரர் கண்ணில் படாமல் போனால், இழப்பு யாருக்கு? 60/55 வாட்ஸுக்கான வயரிங்கில் 100/90 வாட்ஸ் பல்பு போட்டால் சாக்கெட் உருகும் ஆபத்தும் உண்டு. மங்கிய ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் செய்து, ஒளியின் உயரத்தை சரிசெய்வது மலிவான, நல்ல வழி.

புல் பார் பாதுகாப்பா?

இல்லவே இல்லை. மோதலின் வேகத்தை உள்வாங்கி நசுங்குவதற்காகத்தான் காரின் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் கட்டிய இரும்பு அந்த வேகத்தை நேராக சேஸிஸுக்கு அனுப்பும். ஏர்பேக் சென்சாரின் கணக்கும் தப்பலாம். நடந்துபோகிறவர் மீது மோதினால் காயம் மோசமாகும். இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது.

பெரிய டயர், சன் ஃபிலிம்?

185/65 ஆர்15 டயருக்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 4 சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் 83-ல் போகும். மைலேஜும் குறையும். கம்பெனி கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் நல்ல டயராக வாங்குங்கள், அது உருப்படியான செலவு.

கண்ணாடியில் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே தடை விதித்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. அதன் அடிப்படையில், இந்த அளவுக்குள் இருக்கும் தரமான ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. கறுப்பு ஃபிலிம் இன்றும் அபராதத்துக்கு அழைப்புதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் தந்த அடிப்படை வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். வயரை வெட்டி ஒட்டினால் வாரன்ட்டிக்கு சிக்கல். சொல்லாமல் செய்த மாற்றம் இன்ஷூரன்ஸ் கிளைமிலும் பிரச்னையாகலாம்.

அப்போ எதைப் போடலாம்?

ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம், டயர் பிரஷர் சென்சார், நல்ல ஃப்ளோர் மேட். இவை காரின் வடிவமைப்பைத் தொடுவதில்லை, தினமும் பயன்படும். கடைக்காரர் அடுத்த ஃபிட்டிங்கைக் காட்டும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "இதுக்கு வயரை வெட்டணுமா, பாடியில ஓட்டை போடணுமா?" ஆமாம் என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.