மாந்தைக் கராம்பும் சோளகக் காற்றும்

புலன்வழிக் கற்றல் என்பது கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகியவை பெறும் அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்கும் முறை. இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இது அந்நியமானதல்ல. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் முறையைத் தந்த மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவர் பெயரே பின்னர் இங்கே முன்பள்ளிக்குப் பொதுப்பெயராயிற்று. தரம் 1 முதல் 5 வரை ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றொரு பாடம் இருக்கிறது. தரம் 6இல் வரலாறு தனிப்பாடமானதும் புலன்கள் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகின்றன; ஆண்டுகளும் அரசர் பெயர்களும் மனனத்துக்கு வருகின்றன. வரலாறு காலடியிலேயே கிடக்கும் மன்னாருக்கு இது பேரிழப்பு.

முதலில் பருவங்கள். முன்பள்ளிச் சுவர்களில் ஒட்டப்படும் பருவகாலப் படங்களில் பழுத்து உதிரும் இலைகளும் பனிமனிதனும் இருப்பதைக் காணலாம். குளிர்நாட்டுப் பிள்ளைக்கு அவை சன்னலைத் திறந்தால் தெரியும் காட்சி. தலைமன்னார்ப் பிள்ளைக்கு வெறும் படம். இலங்கையின் காலநிலை ஆண்டை வேறு விதமாக நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. கரையோர மக்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: தென்மேல் காற்று சோளகம், வடகீழ் காற்று வாடை. ஆண்டைக் காற்றின் பெயரால் அறியும் ஊரில் பருவப் பாடமும் காற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்கு ஒரு கம்பும் ஒரு முழத் துணியும் போதும். காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு நிமிடம் கண்ணை மூடி நிற்பார்கள். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, ஈரமாக வருகிறதா, வறண்டு வருகிறதா, மணல் கொண்டுவருகிறதா, உதட்டை நனைத்தால் உப்புக் கரிக்கிறதா என்று உணர்ந்த பிறகே கண்ணைத் திறந்து துணியைப் பார்ப்பார்கள். அன்றைய திசை ஒரு கொப்பியில் பதியப்படும். சில மாதங்களில், துணி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பிய வாரம் எது என்பதை அந்தக் கொப்பியே காட்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் திட்டத்தின் 30 விசிறிகளும் இந்தப் பாடத்துக்கு உதவும். காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது அவற்றின் இயல்பு. ஆகவே பாடசாலைத் துணியைத் தூரத்து விசிறியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

இந்தக் கொப்பியிலிருந்து ஊரின் தொழிலுக்குப் போக ஒரு கேள்வியே போதும். மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. சோளகத்தில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை அடங்கிக் கிடக்கும். வாடையில் நிலைமை மாறும். வடகரையின் பேசாலைப் பிள்ளையும் தென்கரையின் தாழ்வுபாட்டுப் பிள்ளையும் ஒரே காற்றை வேறு வேறாக அறிந்தவர்கள். படகு எப்போது கரையேறும், மீன்வாடி எப்போது இடம் மாறும், எந்த மாதத்தில் கருவாட்டு மணம் கூடும் என்று ஒரு வகுப்பின் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவந்து சேர்த்தால், எந்தப் பாடநூலிலும் இல்லாத நாட்காட்டி உருவாகும்.

நாக்குக்கு உரிய நாட்காட்டி பனை. வெயில் ஏறும் மாதங்களில் நுங்கு, ஆடி ஆவணியில் பனம்பழம், மார்கழி தையில் பனங்கிழங்கு. பனங்கொட்டையைப் பாடசாலைத் தோட்டத்தில் பாத்தி போட்டு, மூன்று நான்கு மாதம் கழித்துக் கிண்டி எடுத்து, அவித்தது ஒரு துண்டும் வெயிலில் காயவைத்த ஒடியல் ஒரு துண்டுமாகச் சுவைக்கக் கொடுத்தால், உணவைச் சேமித்து வறட்சியைக் கடந்த ஒரு சமூகத்தின் வரலாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒக்டோபருக்குப் பின் வங்காலைச் சரணாலயத்தில் இறங்கும் பூநாரைகள் கண்ணுக்குரிய பாடம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனமாகி 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அங்கே கற்கவேண்டிய முதல் திறமை அசையாமல் நிற்பது.

இனி வரலாறு. மன்னார்க் கரையில் பருவமும் வரலாறும் தனித்தனிப் பாடங்களல்ல என்பதற்கு முத்துக்குளிப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் கடல் தெளிந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் அரிப்பு என்ற ஊருக்கு எதிரே கடலிலுள்ள முத்துப் பார்களில் குளிப்பு நடந்தது. அந்தச் சில வாரங்களுக்காக வெறும் மணற்கரையில் ஒரு நகரமே எழும். கீழக்கரை, தூத்துக்குடிக் குளிகாரர்களும் பாரசீக வளைகுடா அரபியரும் வந்து கூடுவார்கள். குளிகாரர் கல்லைக் காலில் கோத்துக் கீழே இறங்கி, ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். சுறா அண்டாதிருக்க மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’ இல்லாமல் அவர்கள் கடலில் இறங்குவதில்லை. அரசாங்கமே கடல்கட்டிகளை அமர்த்தியது. 1905இல் பெருங்குளிப்பு நடந்தது. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றுப்போனது. 1925இல் ஒருமுறை நடந்ததைத் தவிர அந்தத் தொழில் மீளவில்லை.

இந்தப் பாடத்துக்கு ஒரு சிப்பி ஓடு வேண்டும். வெளிப்புறம் கரடு, உட்புறம் வழவழப்பு. கண்ணை மூடித் தடவும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே பொருள் என்று நம்பக் கடினமாக இருக்கும். அந்த வழவழப்பும் முத்தும் ஒரே பொருளால் ஆனவை என்பது அடுத்த அறிவு. அதன்பின் தொண்ணூறு ஓடுகளையோ கற்களையோ மேசையில் கொட்டி மூன்று குவியலாக்க வேண்டும். பிரித்தானியர் காலத்தில் இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவருக்கு. அறுபது கற்கள் மேசையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரம் என்ற பத்தியைப் பின்னர் வேறு கண்ணோடு வாசிக்கும். மூச்சைப் பிடிக்கும் போட்டி மட்டும் வேண்டாம். பிள்ளைகள் அதைக் கிணற்றிலும் கடலிலும் தொடர்வார்கள். மணிக்கூட்டு முள்ளைப் பார்த்தபடி அறுபது விநாடி அமைதியாக இருந்தாலே ஒரு நிமிடத்தின் நீளம் விளங்கிவிடும்.

முத்துக் கரையின் மணம் வேறு. சிப்பிகள் ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடப்பட்டு, ஈ மொய்த்துப் புழு தின்றபின் கழுவப்பட்டே முத்து எடுக்கப்பட்டது. அந்த நாற்றத்தை வகுப்பில் உண்டாக்கத் தேவையில்லை. கருவாட்டு வாடியை அறிந்த பிள்ளைக்கு அதை ஊகிக்கச் சொன்னால் போதும். முத்து என்றதும் ஒளியை மட்டும் நினைக்கும் வழக்கத்தை உடைப்பதற்கு இந்த நாற்றத்தைப் பற்றிய பேச்சு அவசியம்.

மூக்குக்கு உரிய பெரும்பாடம் மாந்தையில் இருக்கிறது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில், திருக்கேதீச்சரம் அமைந்த இடமே பழைய மாதோட்டம். பாளி நூல்களில் அதன் பெயர் மகாதித்த; அனுராதபுரத்தின் பெருந்துறைமுகம். கப்பல் மலிந்த அதன் கடலைச் சுந்தரர் பதிகம் பாடுகிறது. 1980களின் முற்பகுதியில் நடந்த அகழ்வு போரால் நின்றுபோனது. 2009–10இல் மீண்டும் ஒரு சிறு அகழ்வு நடந்தது. அப்போது கிடைத்த தாவர எச்சங்களில் ஏராளமான அரிசி, சில மிளகு, அத்துடன் ஒரேயொரு கராம்பு இருந்தன. கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட மண்ணடுக்கைச் சேர்ந்தது. அக்காலத்தில் கராம்பு விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. பல ஆயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த ஒரு மொட்டு ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்த கராம்பை உள்ளங்கையில் நசுக்கி மணக்கச் செய்வது இந்தப் பாடத்தின் தொடக்கம். உலகப் படத்தில் மலுக்குவிலிருந்து மாந்தைக்கு நூல் இழுப்பது அடுத்த படி. மூன்றாவது படிதான் முக்கியமானது, பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் அதுவே: அத்தனை சிறிய பொருளை மண்ணிலிருந்து எப்படிக் கண்டெடுத்தார்கள்? அகழ்வாளர்கள் மண்ணை நீரில் கொட்டிக் கலக்குவார்கள். கனமான மண் கீழே போகும், கரியாகிப்போன விதை மிதக்கும். மிதந்ததை நுண்சல்லடையில் வடிப்பார்கள். ஒரு வாளி, ஒரு தேயிலை வடி, தோட்டத்து மண், ஆசிரியர் முன்கூட்டிக் கருக்கிக் கலந்துவைத்த நெல், பயறு, மிளகு ஆகியவற்றோடு இதை அப்படியே வகுப்பில் செய்யலாம். வடியில் சிக்கிய கரித்துணுக்கு நெல்லா பயறா என்று விரல் நுனியில் உருட்டித் தீர்மானிக்கும் பிள்ளை, வரலாற்றாசிரியர் செய்யும் வேலையையே செய்கிறது. மணமும் தொடுகையும் வெறும் விளையாட்டாக நின்றுவிடாமல் சான்றாக மாறுவது இந்த இடத்தில்தான். கராம்பை மணக்கக் கொடுத்துவிட்டு அத்தோடு முடிக்கும் செயற்பாடு பாதிப் பாடம்.

சான்று என்ற சொல்லைப் பழக்குவதற்கு இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனைப் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது பரவலான கருத்து. நட்ட ஆண்டு 1477 என்று அங்குள்ள பலகை மதிப்பிடுகிறது. சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். பிள்ளைகள் கைகோத்து மரத்தைச் சுற்றி நின்றால் பதினைந்து பேராவது வேண்டும். பட்டையின் வழவழப்பைக் கன்னத்தால் உணர்ந்து, எத்தனை பேர் என்று எண்ணி, பிறகு கேட்கவேண்டிய கேள்வி: 1477 என்பதை மரத்திலிருந்து எப்படி அறிவது? மற்றது அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் கட்டடம். அது அல்லி என்ற அரசியின் கோட்டை என்பது ஊர்க்கதை; ஊரவர் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை என்பது ஆவணங்கள் தரும் செய்தி. கதையைப் பொய் என்று ஒதுக்கத் தேவையில்லை. செங்கல்லையும் சுண்ணச்சாந்தையும் தொட்டுப் பார்த்து, தூணின் அமைப்பை வரைந்து, ஊர்க்கதையையும் ஆவணத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் எதற்குச் சான்று என்பதைப் பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள்.

காதுக்குக் கூத்து இருக்கிறது. மாதோட்டப் பாங்கு என்ற பெயரிலேயே ஒரு மரபை வைத்திருக்கும் மண் இது. தவக்காலத்தில் பேசாலையில் நிகழ்த்தப்படும் உடக்குப் பாஸ் என்ற இயேசுவின் திருப்பாடுகளின் காட்சி, பருவமும் பழங்கதையும் ஒன்றுசேர்ந்த பாடம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரை ஒரு மணி நேரம் அழைத்து மத்தளத்தோடு ஒரு தரு பழக்குவது, பத்துப் பக்கக் குறிப்பைவிடப் பிள்ளையின் நினைவில் ஆழமாக நிற்கும்.

எல்லாப் புலனையும் எழுப்பிவிடவும் கூடாது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு தலைமன்னார் ரயில் நின்றது. 2015 மார்ச்சில்தான் அது மீண்டும் இறங்குதுறை வரை ஓடியது. இந்தப் போர்க்காலத்தின் ஓசையையும் மணத்தையும் வகுப்பில் நடித்துக் காட்டுவது கற்பித்தலாகாது, காயப்படுத்தல். வெடியோசை, புகை, இருட்டறை எதுவும் வேண்டாம். ரயிலின் ஊதல் மீண்டும் கேட்ட நாளை ஒரு பாட்டி தானாக முன்வந்து சொன்னால் கேட்கலாம். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளையிடம் கதை கேட்டு வற்புறுத்தக் கூடாது. அதுபோல மாந்தை மேட்டில் பிள்ளைகள் ஓட்டுத்துண்டு பொறுக்கலாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. கண்ணிவெடி கிடந்த மாவட்டத்தில் அறியாத நிலத்தைத் தோண்டுவதும் ஆபத்து. தோட்டத்து மண்ணே போதுமானது.

குறுகிய பாடவேளையும் புலமைப்பரிசில் பரீட்சையும் இதற்கெல்லாம் இடம் தருமா என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. காற்றுக் கொப்பிக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம். சிப்பிக் குவியலுக்கு ஒரு கணித பாடவேளை, மூன்றில் ஒரு பங்கு என்ற பின்னத்தைக் கற்பிக்கும் அதே வேளை. வாளியும் வடியும் விஞ்ஞான பாடத்துக்கும் பொருந்தும். தவணைக்கு ஒன்று என்று வைத்தாலும் ஆண்டுக்கு மூன்று ஆகும். மதிப்பிடும் முறை மட்டும் மாற வேண்டும். என்ன உணர்ந்தாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய், அதை எப்படி உறுதிப்படுத்துவாய் என்ற மூன்று கேள்விகளுக்குப் பிள்ளை எழுதும் நான்கு வரியே விடைத்தாள். பார்வையில்லாத பிள்ளையும் சிப்பி, கராம்பு, காற்று மூன்றிலும் மற்றவர்களுக்குச் சமமாக, சில வேளை முந்தியும் நிற்கும்.

அரிப்பு மாளிகையின் சுவர்கள் கடலரிப்பால் பகுதி பகுதியாக விழுந்துகொண்டிருக்கின்றன. தரை விளிம்புக்குப் போகாமல், நிலப்பக்கம் பாதுகாப்பான தூரத்தில் ஓரிடத்தைக் குறித்து, ஒவ்வோராண்டும் மார்ச்சில் அதே இடத்தில் நின்று ஒரு வகுப்பு அதை வரையலாம். திகதியும் அன்றைய காற்றின் திசையும் படத்தின் கீழே இருக்கும். ஆண்டு முடிவில் அந்தக் கொப்பி அடுத்து வரும் வகுப்பின் கைக்குப் போகும்.