பழைய மாணவர் இல்லாத பாடசாலைகள்

நாவலப்பிட்டியில் யாராவது இறந்தால் சுவரில் ஒட்டும் மரண அறிவித்தலைப் பாருங்கள். கல்யாணப் பேச்சில் கைமாறும் விவரத்தைப் பாருங்கள். பொன்னாடை போர்த்தும் மேடையில் வாசிக்கும் அறிமுகத்தைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் படிப்பு ஒரு பெரிய கல்லூரியின் பெயரில்தான் தொடங்கும். கதிரேசனில் படித்தவர், கண்டியில் படித்தவர், ஹட்டனில் படித்தவர். அதற்கு முன் ஐந்து வருடம் எழுத்தும் வாய்ப்பாடும் பழக்கிய சின்னப் பாடசாலைக்கு அதில் ஒரு வரி கிடையாது. கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்பில் கிளை உண்டு, டொரன்டோவில் கிளை உண்டு. ஐந்தாம் தரத்தோடு முடிகிற பாடசாலையின் பழைய மாணவர் என்று எங்களில் ஒருவரும் நெஞ்சில் பட்டி குத்திக்கொண்டதில்லை.

நாங்கள் என்பது இந்த நகரத்தின் வியாபாரிகள், ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தொழிற்சங்கக்காரர்கள், இடையிடையே கட்டுரை எழுதுகிறவர்கள். நாங்கள் கைவிட்டது, அரசாங்கப் பதிவில் ‘வகை 3’ என்று வரும் ஆரம்பப் பாடசாலைகளை. அங்கே இப்போது இருப்பவர்கள் நகர சபைத் துப்புரவுத் தொழிலாளர், சந்தையில் மூட்டை தூக்குகிறவர், கடைச் சிப்பந்தி, நகரத்தை ஒட்டிய தோட்ட லயங்களிலிருந்து கொழுந்துக்குப் போகிறவர் ஆகியோரின் பிள்ளைகள்.

பாடசாலைகளை மதிப்பிடக் கல்வி அமைச்சிடம் ஒரு முறை இருக்கிறது. அகமதிப்பீடு, புறமதிப்பீடு என்று இரண்டு சுற்று, எட்டுத் துறைகள். மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், தலைமைத்துவம் என்று போகும் அந்த வரிசையில் ‘பாடசாலையும் சமூகமும்’ என்றும் ஒரு துறை. கம்பளை வலயத்திலிருந்து குழு வரும். அதிபர் கோப்புகளை அடுக்கி வைப்பார். பள்ளியோடு சேர்த்து ஊருக்கும் அங்கே புள்ளி போடப்படுகிறது என்பதை நாங்கள் கவனித்ததே இல்லை.

எங்களிடம் இருந்தது வேறு அளவுகோல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு. இருநூறு புள்ளியில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர் எத்தனை பேர்? ஒருவருமில்லையா? அப்படியானால் அந்தப் பள்ளி சரியில்லை. வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போகவும், படிப்பை முடிக்க உதவிப்பணம் பெறவும் வழியாக வைத்த பரீட்சை அது. நாங்கள் அதை எங்கள் பிள்ளைகளுக்கான பந்தயமாக்கினோம். மூன்றாம் தரத்திலிருந்தே டியூஷன், மாதிரி வினாத்தாள், வென்றால் பஸார் வீதியில் படத்தோடு பதாகை. டியூஷனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை வென்றவர் பட்டியலில் இல்லாததை வைத்து, அந்தப் பிள்ளையின் ஆசிரியரை எடைபோட்டோம். முதலாம் தரத்தில் பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை மூன்றாம் தரத்தில் சரளமாக ஒரு பத்தி வாசிக்கிறதா என்று கேட்டிருந்தால் வேறு மாதிரியான விடை கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

சரியில்லை என்று முடிவு கட்டியபின் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனோம். போன வழியையும் சொல்ல வேண்டும். பெயர்பெற்ற பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கும் சுற்றறிக்கைப்படி பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. வசிப்பதைக் காட்ட வீட்டு உறுதி வேண்டும், வாக்காளர் இடாப்பு வேண்டும், மின்சாரக் கட்டணச் சிட்டை வேண்டும். இந்தக் கடதாசிகளைத் தேடி எடுப்பதில் எங்களுக்கு இருந்த சாமர்த்தியத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசாமல் விடுவதே மரியாதை. லயத்தில் பிறந்து லயத்திலேயே வளரும் பிள்ளை உண்மையில் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் லயத்துக்கு உறுதி கிடையாது. அருகில் வசிப்பதற்கான புள்ளி, தூரத்தில் இருந்து ஆவணத்தோடு வந்த எங்களுக்குக் கிடைத்தது.

நாங்கள் போனதால் காலியானது கதிரை மட்டும் என்றால் பரவாயில்லை. ஆசிரியர் ஆளணியும் தர உள்ளீட்டுப் பணமும் மாணவர் தொகையை ஒட்டிக் கணக்கிடப்படுகின்றன. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இரண்டு வகுப்பு ஒன்றாகும், ஒன்றானதைப் பார்த்து அடுத்த தாய் தன் பிள்ளையை வேறிடத்தில் சேர்ப்பாள். பிறகு நாங்கள் கடைவாசலில் நின்று, ‘அந்தப் பள்ளி அப்பவே கெட்டுப் போச்சு’ என்போம். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. கட்டடத்தையும் கருவியையும் விட, பிள்ளையின் வீடும் கூடப் படிக்கும் பிள்ளைகளும்தான் அடைவில் கூடுதலாகத் தாக்கம் செலுத்துவதாக அது சொன்னது. எங்களுக்கு அந்த அறிக்கை தெரியாது. தெரியாமலே அதன்படி நடந்தோம்: கூடப் படிக்கும் பிள்ளைகளை அங்கிருந்து அகற்றினோம்.

அரசைக் குற்றம் சொல்ல நிறைய உண்டு. 1907இல் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் தோட்டத்துரைமாரிடம் கொடுத்தது. அவர்கள் அதை எவ்வளவு மலிவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மலிவாகச் செய்தார்கள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு எடுத்தது. அப்போதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. இடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களின் குடியுரிமையையும், அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டம் வாக்கையும் பறித்தன. 1947இல் இந்த நாவலப்பிட்டித் தொகுதி கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயம் எழுவதற்கு உழைத்த மனிதர் அவர். பள்ளிக்கூடம் கட்டிய ஒருவருக்கு வாக்களித்த தோட்டத்து மக்களில் பெரும்பாலானோருக்கு 1952இல் வாக்கே இல்லை.

ஆனால் இந்தப் பட்டியலை நாங்கள் ஒரு குடையைப் போல் பிடித்துக்கொண்டு கீழே நனையாமல் நின்றோம். வாக்குரிமை திரும்பி வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் சபை இல்லாமலே ஆண்டுகள் போயின. சின்னப் பாடசாலைகள் எல்லாம் மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன. அவற்றுக்காகக் கேள்வி கேட்கத் தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினர் இல்லை என்பது, தேர்தல் காலத்தில் இரவு முழுவதும் விழித்திருக்கும் எங்களைக் கொஞ்சமும் உறுத்தவில்லை. 2015 வாக்கில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள், பஸ் காசுக்கே போதாத அந்தப் பணத்தில் வகுப்பெடுத்தார்கள். தெருவில் இறங்கியவர்கள் அவர்களேதான். ‘அரசாங்க வேலை, பிறகு நிரந்தரமாகும்’ என்று ஆறுதல் சொன்னதே நாங்கள் செய்தது.

செய்ததாக நாங்கள் நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு: கொப்பி கொடுத்தல். ஜனவரியில் பாடசாலை முற்றத்தில் மேசை போட்டு, பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, எங்கள் படம் அச்சடித்த கொப்பிகளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வோம். தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடிய இரண்டு பாடவேளை போய்விடும். மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று அந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாவலிப் பக்கம் ஊற்றுகிற மழைக்குப் பெயர்போன ஊர் இது. கூரை ஒழுகும் வகுப்பு எது என்று விழா நாளில் கேட்டிருந்தால் ஒரு பிள்ளையே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கும்.

‘பெற்றாருக்கு அக்கறையில்லை’ என்பது நாங்கள் அடிக்கடி சொன்ன வசனம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை வேலைநாளில் வைப்பது வழக்கம். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். 2021இல் வர்த்தமானியில் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளமும் அப்படித்தான் பாதியானது. ஒரு கூட்டத்துக்கு வரும் தாய் அன்றைய வருமானத்தில் எவ்வளவை விட்டுவிட்டு வருகிறாள் என்று கணக்குப் பார்த்தவர் எங்களில் யார்? அக்கறையின்மை என்ற சொல் எங்களுக்குத்தான் பொருந்தும். கடையை ஒரு மணித்தியாலம் பையனிடம் விட்டுவிட்டு எங்களால் போயிருக்க முடியும்.

அந்த அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றாரும் ஆசிரியரும் மட்டுமன்றிப் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் சேர வழி இருக்கிறது. கல்லூரிச் சங்கத்தில் உபதலைவர் பதவிக்குப் போட்டியிடும் எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆரம்பப் பாடசாலைச் சங்கத்தில் பதவி இருந்தாலும் மேடை இல்லை.

‘அங்கே படிப்பிக்கிற ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதில்லையே’ என்று இதைப் படிக்கும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் நாங்கள் என்று எழுதியிருக்கிறேன். கேட்பவர் இந்த ஊர்க்காரராக இருந்தால் அவரையும்.